வரிசையாகப் படித்தவள்

கூட்டமைப்பில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நூலகர்களுக்காக இதை எழுதுகிறேன். பயன்பாட்டு அறிக்கையை எங்கிருந்து இறக்குவது, எப்படி அட்டவணைப்படுத்துவது என்றெல்லாம் நான் சொல்லித்தர வேண்டியதில்லை. என்னைவிட வேகமாகச் செய்துவிடுவீர்கள். அந்த அறிக்கையால் நான் நடுங்கிப்போன சில நாட்களைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். ஓய்வு பெற்று மாதங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் கைப்பேசியில் மின்னஞ்சல் வந்த ஒலி கேட்டால் இன்னும் உடனே எடுத்துப் பார்த்துவிடுகிறேன்.

எங்கள் வேலை என்னவென்று வீட்டில் கேட்டால், சீட்டுப் பிடிப்பது மாதிரி என்பேன். தனியாக வாங்க வசதியில்லாத கல்லூரிகள் கூட்டாகச் சேர்ந்து வெளிநாட்டுப் பதிப்பகங்களின் மின்னிதழ்களை வாங்குகின்றன. எந்தக் கல்லூரியில் எவ்வளவு படித்தார்கள் என்று பதிப்பகம் மாதாமாதம் எண்ணி அனுப்பும். ஒரு கட்டுரை ஒரு முறை திறக்கப்பட்டால் ஒன்று. திறந்தவர் படித்தாரா, மூடினாரா, அழுதாரா என்பதெல்லாம் அந்த எண்ணுக்குத் தெரியாது. ஆண்டுக்கு ஒருமுறை குழு கூடும். எந்த இதழை வைத்துக்கொள்வது, எந்தக் கல்லூரியை விலக்குவது என்பதை அந்த எண்களைப் பார்த்தே முடிவு செய்வார்கள். அறிக்கையைத் தயாரித்துக் குழுவின் முன் வைப்பது ஒருங்கிணைப்பாளராக இருந்த என் பொறுப்பு. மாட்டுங்காவில் ஒரு கல்லூரி நூலகத்தின் வாசிப்புக் கூடத்துக்குப் பின்னால் எனக்கு ஒரு சிறிய அறை கொடுத்திருந்தார்கள்.

கணபதி விசர்ஜனம் முடிந்த அடுத்த திங்கட்கிழமை. தெருவோரங்களில் ஊர்வலத்தில் தூவிய குலால் பொடி மழையில் கரைந்து ஓடிக்கொண்டிருந்தது. காலையில் கணினியைத் திறந்ததும் பதிப்பகத்திலிருந்து ஒரு கடிதம். உங்கள் உறுப்புக் கல்லூரி ஒன்றில் ஒரே கணினியிலிருந்து, செவிலியர் இதழ் ஒன்றின் கட்டுரைகள் இடைவிடாமல், முதல் இதழிலிருந்து வரிசைப்படி திறக்கப்பட்டிருக்கின்றன. மனிதர்கள் இப்படிப் படிப்பதில்லை. கட்டுரைகளை மொத்தமாக உருவும் நிரல் என்று சந்தேகிக்கிறோம். புதன்கிழமைக்குள் பொறுப்பானவரைக் கண்டுபிடித்து விளக்கம் தராவிட்டால் கூட்டமைப்பின் எல்லாக் கல்லூரிகளுக்கும் இணைப்பு நிறுத்தப்படும்.

‘எல்லாக் கல்லூரிகளுக்கும்’ என்ற சொல்லை எத்தனை முறை படித்தேனோ தெரியாது. ஆய்வேடு சமர்ப்பிக்கும் பருவம் அது. என் அறைக்கு வெளியே வாசிப்புக் கூடத்தில் ஆய்வு மாணவர்கள் தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் ஒவ்வொருவர் திரையும் ஒரே நேரத்தில் வெறுமையாவதை நினைத்துப் பார்த்தேன்.

குறிப்பிடப்பட்டிருந்த கல்லூரி ஆண்டாப் ஹில் பக்கத்தில் இருக்கும் ஒரு சிறிய செவிலியர் கல்லூரி. நூலகம் ஒரே அறை. ஊழியர் ஒரே ஆள், ஜமீலா. தாராவியில் தோல்பைப் பட்டறை வைத்திருக்கும் திருநெல்வேலிக் குடும்பத்துப் பெண். ஒப்பந்த வேலை. ஒவ்வொரு அக்டோபரிலும் அதைப் புதுப்பிக்க வேண்டும். அந்தக் கல்லூரியின் எண் ஜூன், ஜூலை மாதங்களில் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் இருந்து, ஆகஸ்டில் திடீரென்று மேலே ஏறியிருந்தது. “பாருங்கோ, ஆண்டாப் ஹில் பொண்ணுகள் எப்படிப் படிக்கறான்னு” என்று குழுத் தலைவர்கூடப் பெருமையாகச் சொல்லியிருந்தார்.

ஜமீலாவை அழைத்து விஷயத்தைச் சொன்னேன்.

“போன்ல வேண்டாம் மேடம். நான் நேர்ல வந்து சொல்லுதேன்.”

அவள் பஸ் பிடித்து வருவதற்குள் நான் செய்த ஒரு காரியம், கூட்டமைப்பின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் பிரதீப்பை அழைத்தது. காட்கோபரில் கடை வைத்திருப்பவன். எதற்கும் அசரமாட்டான்.

“டென்ஷன் நஹி லேனே கா மேடம். வைரஸ் வந்துச்சு, க்ளீன் பண்ணிட்டோம்னு ஒரு மெயில் தட்டுங்க. எல்லா காலேஜும் அதத்தான் போடுது. நான் வேணும்னா லெட்டர்ஹெட்ல சர்டிபிகேட் தாரேன்.”

“நிஜமாவே வைரஸா?”

“அது யாருக்குத் தெரியும்? அவங்களுக்கு ஒரு பதில் வேணும், அவ்ளோதான்.”

ஒரு வரி பதில். இரண்டு நிமிட வேலை. அதைத் தட்டச்சு செய்தும் வைத்துவிட்டேன். அனுப்பும் பொத்தானுக்கு மேல் விரல் நின்றபோது கதவு திறந்தது.

குடையிலிருந்து தண்ணீர் சொட்ட ஜமீலா நின்றாள். உட்காரச் சொன்னேன். நாற்காலி நனைந்துவிடும் என்று விளிம்பில் உட்கார்ந்தாள்.

“நான்தான் மேடம்.”

“நீதான்னா? யாருக்காவது மொத்தமா இறக்கிக் கொடுத்தியா?”

“அய்யோ, இல்ல மேடம். அதுல ஒண்ணுகூட இறக்கல. தொறந்தேன், மூடுனேன். சாப்பாட்டு நேரத்துல உக்காந்து தொறப்பேன். நம்பர் ஏறணும்ல?”

“ஏறினா என்ன?”

“பிரின்ஸ்பால் மேடம் ஜூலை ரிப்போர்ட்டக் காட்டிக் கேட்டாவ. ‘நம்ம பிள்ளைகளே படிக்கல, பின்ன லைப்ரரி எதுக்கு, லைப்ரரிக்கு ஒரு ஆள் எதுக்கு’ன்னாவ. அக்டோபர்ல என் காண்ட்ராக்ட் வருது மேடம். கமிட்டி காலேஜை எடுத்துட்டா என்னையும் எடுத்துருவாவ.”

இங்கே நான் கொஞ்சம் நிறுத்தி, அவள் எப்படி மாட்டிக்கொண்டாள் என்பதைச் சொல்ல வேண்டும். சாதாரண வாசகர் தாவித்தாவிப் படிப்பார். ஒரு கட்டுரை, அதன் அடிக்குறிப்பு காட்டும் இன்னொன்று, பிறகு டீ. ஜமீலா நூலகர். முதல் இதழில் முதல் கட்டுரை, இரண்டாவது, மூன்றாவது என்று அலமாரியில் புத்தகம் சரிபார்ப்பது போல் போயிருக்கிறாள். பதிப்பகத்தின் காவல் நிரல் அவளை இயந்திரம் என்றது.

“ஏன் வரிசையாப் போனே?” என்று கேட்டேன்.

“இல்லன்னா எதத் தொறந்தேன், எத விட்டேன்னு தெரியாதுல்லா மேடம்?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த வாரத்தில் வந்த ஒரே சிரிப்பு அதுதான். நானும் அப்படித்தான் செய்திருப்பேன். நீங்களும் அப்படித்தான் செய்வீர்கள்.

“அப்போ ஜூன், ஜூலையில உங்க பிள்ளைகள் நிஜமாவே படிக்கலையா?”

அவள் முகம் மாறியது. அதுவரை குனிந்திருந்தவள் கைப்பேசியை எடுத்து என் முன்னால் வைத்தாள். வகுப்பு வாட்ஸாப் குழு. ஒவ்வொரு நாளும் காலையில் அவள் பெயரில் ஒரு கோப்பு. படுக்கைப்புண் பராமரிப்பு. குறைமாதக் குழந்தைக்குப் பால் புகட்டுவது. கோப்புக்குக் கீழே ஹிந்தியிலும் மராத்தியிலும் ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழிலும் கேள்விகள், சண்டைகள், வார்டிலிருந்து குரல் செய்திகள். ‘நம்ம வார்டில் இப்படிச் செய்வதில்லையே, ஏன்?’ என்று ஒருத்தி கேட்டிருந்தாள். அதற்கு நாலு பேர் பதில் எழுதியிருந்தார்கள்.

“காலேஜ் வைஃபை லைப்ரரி ஜன்னல் ஓரத்துலதான் கெடைக்கும் மேடம். பாதிப் பேருக்கு வார்டு டியூட்டி. அதான் நான் ஒரு தடவ எறக்கி குரூப்ல போட்டுருவேன். கிளாஸே படிக்கும். ரிப்போர்ட்ல ஒண்ணுன்னு விழும்.”

“குழுவில வெளியாள் யாராவது இருக்காளா?” இதைக் கேட்கும்போதே பயந்தேன். பதிப்பகத்தோடு போட்ட ஒப்பந்தப்படி கல்லூரி மாணவிகளுக்குள் பகிரலாம். அதைத் தாண்டினால் இன்னொரு குற்றம்.

“பாஸான அன்னைக்கே ரிமூவ் பண்ணிருவேன். திட்டுவாளுவ. ஆனாலும் பண்ணிருவேன்.”

மாட்டுங்காவின் பழைய தெருக்களைப் பற்றிக் குறிப்புகள் சேர்ப்பது என் பொழுதுபோக்கு. தேதி சரியில்லாத செய்தியை நான் நம்புவதில்லை. அதனால் எண்களை மதிப்பவள்தான். ஆனால் கணக்கெடுப்பவர் வந்த நேரத்தில் வரிசையாக ஒற்றை அறை வீடுகள் கொண்ட ஒரு சாலில் எல்லாரும் வேலைக்குப் போயிருந்தால், அங்கே ஆளே குடியிருக்கவில்லை என்று எழுதிவிட முடியுமா? ஜூலை எண் பொய். ஆகஸ்ட் எண்ணும் பொய். ஒன்று அவள் ஒழுங்காக வேலை செய்ததால் வந்தது. மற்றது பயத்தால் வந்தது.

அப்போது குழுத் தலைவர் அழைத்தார். பதிப்பகத்தின் கடிதம் அவருக்கும் போயிருந்தது.

“ஏம்மா, யாருன்னு தெரிஞ்சுதா?”

“விசாரிச்சிண்டிருக்கேன் சார்.”

“என்ன விசாரணை? ஒரே ஒரு காண்ட்ராக்ட் பொண்ணு இருக்கா அங்க. பேரைக் குடுத்துடுங்கோ, விஷயம் முடிஞ்சுது. நாளைக்கு இன்னொருத்தி வருவா. இத்தனை காலேஜ் பிள்ளைகள் தீசிஸை ஒருத்திக்காக அடகு வெக்க முடியுமா?”

தொலைபேசியின் ஒலி அந்தச் சின்ன அறையில் நன்றாகவே கேட்டது. ஜமீலா துப்பட்டா நுனியைப் பிழிந்தபடியே இருந்தாள். அதில் ஈரம் மிச்சமில்லை.

அவர் சொன்னது நியாயமில்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. இதைத்தான் உங்களுக்கு அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நெருக்கடியில் உங்கள் முன் வைக்கப்படும் தவறான வழிகள் முட்டாள்தனமாக இருக்காது. பெயரைக் கொடுத்தால் எல்லாரும் தப்பிப்பார்கள். ஆனால் இந்த ஊரில் அவளுக்கு இன்னொரு நூலகம் கிடைக்காது. வைரஸ் என்று எழுதினால் அவளும் தப்பிப்பாள் என்று தோன்றியது. திரையில் அந்த ஒரு வரி இன்னும் காத்திருந்தது. அப்போதுதான் அதன் மறுபக்கம் தெரிந்தது. வைரஸ் என்றால் ஆகஸ்ட் எண்ணைப் பதிப்பகம் கழித்துவிடும். ஜூலை எண் உண்மையாகிவிடும். அந்தப் பிள்ளைகள் படிக்கவே இல்லை என்று நானே கையெழுத்துப் போட்டது போலாகும். கல்லூரி விலக்கப்படும். அக்டோபரில் ஜமீலாவும் போவாள். பொய் அவளை நாலு வாரத்துக்குத்தான் காப்பாற்றும்.

அந்த வரியை அழித்தேன்.

“நடந்ததை அப்படியே எழுதப்போறேன்” என்றேன். “நூலக ஊழியர் கையால திறந்தார், எண்ணைக் கூட்டறதுக்காகத் திறந்தார்னு. பேர் போடமாட்டேன். ஆனா ஒரே ஆள் இருக்கற லைப்ரரியில ஊழியர்னா யாருன்னு எல்லாருக்கும் தெரியும். நீ வேண்டாம்னா எழுதலை.”

துப்பட்டா நுனியைப் பிழிவதை அவள் நிறுத்தினாள்.

“எங்க வாப்பா மொதல்லயே சொன்னாவ, பட்டறையிலேயே கணக்கு எழுதுட்டின்னு. இப்ப கேட்டா, ‘இதுக்குத்தான் படிச்சியா’ம்பாவ.” மூக்கை உறிஞ்சினாள். “எழுதுங்க மேடம். என்னைய என்ன வேணும்னாலும் எழுதுங்க. அந்தப் புள்ளைக படிக்கலன்னு மட்டும் எழுதிராதீங்க.”

எழுதினேன். ஆகஸ்ட் எண்ணைக் கழித்துவிடுங்கள் என்று நானே கேட்டேன். ஜூன், ஜூலை எண்களும் வாசிப்பைக் காட்டவில்லை, காரணம் இது என்றும் எழுதினேன். அனுப்பினேன்.

மறுநாள் பதில் இல்லை. அது செவ்வாய்க்கிழமை என்பது நன்றாக நினைவிருக்கிறது, தாதர் பக்கம் செவ்வாய்தோறும் சேரும் பிள்ளையார் கோயில் கூட்டத்தில் பஸ் நகரவே இல்லை. பஸ்ஸிலும் கைப்பேசியைத் திறந்து திறந்து பார்த்தேன். அலுவலகத்தில் பிரதீப் வந்து, “வைரஸ்னே போட்டிருக்கலாம் மேடம்” என்று சொல்லிவிட்டுப் போனான். வாசிப்புக் கூடத்தில் ஒரு மாணவன், “மேடம், பேஜ் ஓபன் ஆகல” என்று வந்து நின்றபோது அவன் மேசைக்கு ஓடினேன். கடவுச்சொல்லைத் தப்பாகப் போட்டிருந்தான். அவனிடம் கத்திவிட்டேன், பாவம்.

புதன்கிழமை மதியத்துக்கு மேல் பதில் வந்தது. விளக்கத்தை ஏற்கிறோம், இணைப்பு தொடரும், ஆகஸ்ட் எண்ணைக் கழித்துவிட்டோம், இனி இப்படி நடக்கக் கூடாது. சந்தோஷப்பட எனக்கு நேரமில்லை. வெள்ளிக்கிழமை குழுக் கூட்டம். கழித்தபின் அந்தக் கல்லூரியின் வரிசையில் மிஞ்சியது ஒன்றுமில்லாத ஜூனும் ஜூலையும்தான். பட்டியலின் கடைசி வரிசை அது.

கூட்டத்தில் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நீங்க சொல்றது கதை மாதிரி நன்னாயிருக்கு. வாட்ஸாப்பைப் பார்த்துண்டு சந்தா கட்ட முடியுமா? எனக்கு நம்பர் வேணும்.”

“அப்போ ஒரு வாரம் குடுங்கோ சார். அந்த ஒரு வாரம் ஜமீலா வாட்ஸாப் குழுவில எதையும் போடமாட்டா, கம்ப்யூட்டரைத் தொடமாட்டா. பிள்ளைகள் தானா வந்து திறக்கட்டும். வர்ற எண்ணை வெச்சு முடிவு பண்ணுங்கோ.”

“யாருமே வரலைன்னா?”

“கல்லூரியை எடுத்துடுங்கோ.”

சொன்ன பிறகுதான் உறைத்தது. அவளைக் கேட்காமல் அவள் வேலையைப் பந்தயம் வைத்துவிட்டேன். மாணவிகளிடம் காரணத்தைச் சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடு தலைவர் ஒப்புக்கொண்டார். சொன்னால் அவர்களும் எண்ணுக்காகத் திறப்பார்கள் என்றார். அதில் அவர் பக்கம் நியாயம் இருந்தது.

ஜமீலாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். “சரி மேடம்” என்றாள். அந்தக் குரலை நினைத்தால் இப்போதும் சங்கடமாக இருக்கிறது.

திங்கட்கிழமை யாரும் வரவில்லை. வாட்ஸாப் குழுவில் மட்டும், ‘மேம், இன்னைக்கு ஃபைல்?’ என்று கேட்டார்கள். செவ்வாய்க்கிழமையும் யாரும் வரவில்லை. ‘மேம் பீமாரா?’ என்று உடல்நலம் விசாரித்தாள் ஒருத்தி. வார்டிலிருந்து ஒரு குரல் செய்தியை ஜமீலா எனக்கு அனுப்பினாள். பின்னணியில் யாரோ இருமிக்கொண்டிருந்தார்கள். ‘மேம், எங்களுக்கு டியூட்டி. லைப்ரரிக்கு வர முடியாது. ட்ரக்கியாஸ்டமி பேஷன்ட் இருக்காரு. அந்த ஆர்டிகிள் போடுங்க, ப்ளீஸ்.’ தொண்டையில் துளை போட்ட நோயாளியை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று ஒரு பெண் கேட்கிறாள். ஜமீலா பதில் போடவில்லை. போடக் கூடாது என்று சொன்னவள் நான்.

புதன்கிழமை காலை அவள் அழைத்தாள். கிசுகிசுப்பான குரல்.

“மேடம், வந்துட்டாளுவ.”

“எத்தனை பேர்?”

“ஜன்னல் ஓரத்துல எடமே இல்ல. நாளைக்கு கேஸ் ப்ரசென்டேஷனாம். என்னையத் திட்டிக்கிட்டே தேடுதாளுவ. நான் வராண்டால நிக்கேன். ‘மேம், இது ஓபன் ஆகல, கொஞ்சம் வாங்க’ன்னு கூப்புடுதா ஒருத்தி. போவட்டா?”

“போகாதே.”

“சின்ன விஷயம் மேடம். ரெண்டு செகண்ட்.”

“போகாதே ஜமீலா.”

அவள் போகவில்லை. பிறகு அறைக்குள்ளிருந்து வேறொரு பெண்ணின் குரல், “அரே, இதர் தபா!” என்று எங்கே அழுத்துவது எனச் சொன்னது. “தொறந்துருச்சு” என்றாள் ஜமீலா.

வாரக் கடைசியில் வந்த எண் பெரிய எண் ஒன்றும் இல்லை. ஆனால் கடைசி வரிசையில் இல்லை. தலைவர் அதை இரண்டு முறை பார்த்துவிட்டு, “சரி, இந்த வருஷம் இருக்கட்டும்” என்றார். அக்டோபரில் ஜமீலாவின் ஒப்பந்தம் ஓராண்டுக்குப் புதுப்பிக்கப்பட்டது.

தலைவர் அப்படிச் சொன்ன அன்று சாயங்காலமே அவள் ஒரு பொட்டலம் மிக்ஸருடன் என் அறைக்கு வந்தாள். முகத்தில் தெளிவு இல்லை.

“இனி ஃபைல் போடவா, வேண்டாமா மேடம்? போட்டா நம்பர் விழுந்துரும். போடலன்னா டியூட்டில நிக்கிற புள்ளைகளுக்கு ஒண்ணும் கெடைக்காது. அன்னைக்கு அந்த ட்ரக்கியாஸ்டமிக்காரி யார்ட்ட கேட்டாளோ, என்ன செஞ்சாளோ.”

கோப்புக்குப் பதில் இணைப்பை அனுப்பலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கல்லூரி வலைக்கு வெளியே அந்த இணைப்பு திறக்காது. வெளியிலிருந்து நுழையும் வசதி அந்தச் சிறிய கல்லூரிக்கு இன்னும் வரவில்லை. அடுத்த குழுக் கூட்டத்துக்கு முன்பே நான் ஓய்வு பெற்றுவிடுவேன் என்பதும் எங்கள் இருவருக்கும் தெரியும். அவளுக்காக எழுந்து பேச அங்கே நான் இருக்கமாட்டேன். பத்திரமான பதிலைச் சொல்லியிருக்கலாம்.

“போடு” என்றேன். பயத்தோடுதான் சொன்னேன்.

அடுத்த நாள் காலையிலிருந்து போட்டுக்கொண்டிருக்கிறாள். இன்றும் போட்டிருப்பாள்.

இந்த ஆண்டின் அறிக்கை இப்போது உங்களில் ஒருவர் மேசையில் இருக்கும். கடைசி வரிசைக்குப் பக்கத்தில் ஒரு செவிலியர் கல்லூரி இருக்கும். அதன் எண் மிகச் சிறியதாக இருக்கும். அதன்மேல் கோடு போடுவதற்கு முன் ஆண்டாப் ஹில்லுக்கு ஒரு நடை போய், அவளுடைய கைப்பேசியைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.